ஒரு சந்திப்பு, ஐந்து நாளுக்கு முன்

காலை ஐந்து மணி. க்ரேஃபெல்டில் மழை.
கையுறையைப் பல்லால் கழற்றித் திரையைத் தொட்டேன்.
நேற்றுவரை பச்சையாய் இருந்த கட்டம்
சிவந்து கிடந்தது:
ஒரு சந்திப்பு. ஐந்து நாளுக்கு முன்.
அவ்வளவுதான்.
யாரென்று இல்லை. எங்கென்று இல்லை.

டிராம் வந்தது. ஏறவில்லை.
ஓட்டுநர் கொஞ்ச நேரம் கதவைத் திறந்தே வைத்திருந்தார்,
பிறகு மூடினார்.

வீட்டுக்குத் திரும்பி நடந்தபடி எண்ணினேன்.
அது வியாழன்.
வியாழன் யார் என்னருகில் நின்றார்கள்,
கை நீட்டினால் படும் தூரத்தில்,
ஒரு உலை கொதிக்கும் நேரம்?

ரொட்டிக்கடைக்காரி மீதிக் காசைத் தட்டில் தள்ளிவிட்டு
நான் பொறுக்கும்வரை பின்வாங்கி நின்றாள்.
டிராமில் என் பக்கத்து இருக்கை
கொரோனாவுக்கு முன்பும் கடைசியில்தான் நிரம்பும்.
வேலையில், ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கும் இயந்திரத்துக்கு
அந்த முனையில் ஒருத்தி, இந்த முனையில் நான்,
நடுவில் ஆறு மீட்டர் நீராவி.
பதினாறு வருஷத்தில் முதல்முறையாக
ஒருவர் என்னுடன் நெருங்கி இருந்தார் என்று
ஜேர்மன் அரசாங்கமே சொல்கிறது.
சந்தோஷப்படுவதா?

அண்ணை போனில் கத்தினான்:
"படிச்சுப் படிச்சுச் சொன்னனான், அதை இறக்காதை எண்டு.
ஆர் ஆரோட நிண்டதெண்டு குறிச்சு வைக்கிற சாமான்.
தலையாட்டியை மறந்துபோனியோ?"

மறக்கவில்லை.
பள்ளிக்கூட மைதானம், வெயில், வரிசை.
சாக்கு மூடிய தலை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
அது ஆடினால் வரிசையில் ஒருவர் குறைவார்.
அண்ணைக்கு முன்னால் அது
ஆடுவதா விடுவதா என்று யோசித்த நேரத்தை
நாங்கள் இருவரும் இன்னும் அளந்து முடிக்கவில்லை.

ஆனால் இது, அண்ணை,
எங்கள் எல்லாருக்கும் சாக்குப் போட்டுவிட்டு
தலையை ஆட்டுகிறது.
பெயர் அதற்கே தெரியாதாம்.
அடிக்கடி மாறுகிற ஏதோ எண்கள்
ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளுமாம்,
பதினாலு நாளில் மறக்குமாம்.
அவன் நம்பவில்லை.
நான் முழுதாய் நம்பித்தான் இறக்கினேன் என்றும் சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாள் இரவு,
தொற்று இல்லை என்று முடிவு வந்த பிறகு,
கேத்தில் கொதித்துக்கொண்டிருக்கையில்
சட்டென்று விளங்கியது.
நான் அங்கே இருக்கவேயில்லை.

வேலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது.
உடை மாற்றும் அறையில் நாற்பத்தோராம் தகரப் பெட்டி,
என் போன் எட்டு மணி நேரம் இருட்டில் கிடக்கும்.
தகரத்துக்கு அந்தப் பக்கம் நாற்பத்திரண்டு.
மஞ்சள் பூட்டு. ஜிவ்காவின் பெட்டி.
மடிப்பு இயந்திரத்தின் மறுமுனை அவள்தான்.
பல்கேரியா என்று யாரோ சொன்னார்கள்.
இரண்டு வருஷமாக எங்களுக்குள் "மோர்கன்" ஒன்றுதான்,
அதுவும் சில நாள் தலையசைப்போடு போய்விடும்.
எங்கள் போன்களோ
நகக்கனத் தகரத்துக்கூடாக
ஷிஃப்ட் முழுக்கப் பேசியிருக்கின்றன.

வெள்ளியிலிருந்து அவள் வரவில்லை.
மறுமுனையில் வேறொருத்தி விரிப்பைப் பிடித்தாள்.
நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

முடிவைப் பகிரவா என்று அது கேட்குமாம்.
வேண்டாமென்று விட்டால் எவருக்கும் தெரியாது.
எங்கோ ஒரு அறையில் காய்ச்சலோடு
ஆமென்று அழுத்தியிருக்கிறாள்,
யாருக்கென்று தெரியாமல்.
அவளாகத்தான் இருக்கும். சத்தியம் பண்ணமாட்டேன்.

திரும்பிப் போன அன்று
மேற்பார்வையாளர் ஹென்ஷல் வாசலிலேயே மறித்தார்.
இங்கிருந்தா வந்தது? யாரென்று ஏதாவது தெரியுமா?
கண்கள் பெட்டி வரிசையில் ஓடின.

தலையை அசைக்காமல்
தெரியாது என்றேன்.

மஞ்சள் பூட்டு அப்படியே தொங்கியது.
என் பெட்டியைத் திறந்து
போனை அந்தப் பக்கத்துத் தகரத்தோடு
ஒட்டிச் சாய்த்து வைத்தேன்.